மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் இடையில்

ஃபெர்ரானுக்கு முதுகு பிடித்துக்கொண்டது.
கம்பெனிக் குலுக்கலில் அவனுக்கு விழுந்த டிக்கெட்
அப்படித்தான் என் கைக்கு வந்தது.
மூன்று நாள், பதினாறு மேடை,
பார்சிலோனாவின் தென்கோடிக் கண்காட்சிக் கொட்டகைகளில்.
"போய் வா அசும்ப்தா, பீர் இலவசம்" என்றான்.
இலவசமில்லை.
அது முதல் பொய்.

வாசலில் ஒருத்தி என் மணிக்கட்டில் பட்டை கட்டினாள்.
அதில் ஒரு சில்லு. சில்லுக்குள் என் பணம், என் பெயர்,
எந்த மேடையில் எத்தனை நிமிடம் நின்றேன் என்பதும்.
"இறுக்கமாக இருக்கிறதா?" என்று கேட்டாள்.
லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம்
கதவுக்கு வெளியே நின்று நான் பேசும் அதே குரல்.

உள்ளே
ஒருவன் தக்காளிச் செடியில் ஒயர் செருகி
அது பாடுகிறது என்றான்.
செடிக்குத் தண்ணீர் போதவில்லை என்று எனக்குப் பட்டது.
இன்னொருத்தி தலையில் வலை மாட்டிக் கண்ணை மூட
பின்னாலிருந்த திரை நீலமானது.
பிறகு இன்னும் கொஞ்சம் நீலமானது.
எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்,
பெண் வீடா பிள்ளை வீடா என்று தெரியாமல்
பந்தியில் உட்கார்ந்துவிட்டவளைப் போல.

"உங்கள் பூட்ஸ் அட்டகாசம், எங்கே வாங்கினீர்கள்?"
கன்னத்தில் வெள்ளி மினுக்குப் பூசிய பையன் கேட்டான்.
கம்பெனி கொடுத்தது என்றேன்.
எந்தக் கம்பெனி என்று குறித்துக்கொண்டான்.

ஏழாம் கொட்டகையில் இருட்டு.
தரையெல்லாம் ஆட்கள், மல்லாந்து.
கூரையிலிருந்து ஓர் ஓசை இறங்கி வந்தது:
நீண்ட இரும்பு மூச்சு,
முடிவதற்குச் சற்று முன் ஒரு விக்கல்.
மறுபடி மூச்சு.
மறுபடி விக்கல்.
பக்கத்தில் யாரோ அழுதார்கள்.

எனக்கும் உடம்பு சில்லிட்டது.
அழகினால் அல்ல.
வழித்தண்டின் இணைப்பு விலகியிருக்கிறது,
இடப்பக்கப் பிடிகட்டை தேய்ந்தே போய்விட்டது.
எழுபதுகளில் வந்த மாடல். நாலு பேர், முந்நூறு கிலோ.
இந்த நிமிடம் எங்கோ ஒருவர்
வெங்காயப் பையோடு அதில் ஏறிக்கொண்டிருப்பார்.

மன்னிக்கவும், மன்னிக்கவும் என்று
கால்களையும் கூந்தல்களையும் தாண்டிப் போனேன்.
ஒலிப்பலகைக்குப் பின்னால் ஒல்லியாக ஒருவன்.
கழுத்து அட்டையில் அவன் பெயர்: நில்.
நின்றேன்.
"இது எந்தக் கட்டடம்?"
"இது துக்கம்" என்றான்.
"சரி, எந்தத் தெருவில்?"

கொஞ்ச நேரம் பேசவில்லை.
மேலே அவனுடைய துக்கம் இன்னொரு முறை இறங்கிப் போனது.
பிறகு சொன்னான். லோஸ்பித்தலெட்டில், ஆறாம் மாடி.
ஐனா பெட்டியோடு போன இரவு
கதவுக்கு இந்தப் பக்கம் நின்று ஃபோனில் பிடித்தது.
"அந்த விக்கல் வந்ததும்,
மனம் மாறி நிறுத்திவிட்டாள் என்று நினைத்தேன்."
"நாலுக்கும் மூன்றுக்கும் நடுவிலா?"
"உங்களுக்கு எப்படித் தெரியும்?"
வேகத்தைக் கொண்டு எண்ணினேன் என்றேன்.
என் முன்கையில், பட்டைக்கு மேலே,
முகவரியை எழுதிக் கொடுத்தான்.

போயிருக்கலாம்.
போகவில்லை.
படுத்திருந்தவர்களுக்கு நடுவே இடம் பார்த்து
நானும் படுத்தேன், பூட்ஸோடு.
என்ன கோளாறு என்று தெரிந்த பிறகும்
ஒவ்வொரு விக்கலுக்கும் முன்னால்
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை.
அந்தக் கட்டடம் ஃபெர்ரானின் வட்டாரம்.
மார்ச்சில் வந்து கையெழுத்திட்டிருக்கிறான்: எல்லாம் சரி.
இரண்டாவது பொய்.
தண்டை நேராக்கிக் கட்டையை மாற்றி எண்ணெய் விட்டேன்.
மணிக்கட்டில் பட்டை இன்னும் இருந்தது,
கிரீஸ் பட்டுக் கறுத்து.
ஒன்றும் கேட்காமல் ஏறியது, ஒன்றும் கேட்காமல் இறங்கியது.

ஐந்தாம் மாடிக்காரர் நாயோடு வந்து பார்த்தார்.
நன்றி சொல்வார் என்று நினைத்தேன்.
"இனி ஆள் வருவது எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.
மூன்றைத் தாண்டி லிஃப்ட் மேலே போனது.
நாய் காதை நிமிர்த்தி நின்றது,
நான்கையும் தாண்டிய பிறகும்.