இணைப்பு: மூன்று தாள்கள்

எழும்பூர். காலை பத்தே கால்.
பேனா கூடாது, பென்சில் மட்டும்.
பையைக் கொடுத்து டோக்கன் வாங்கி
நான்காம் மேசையில் உட்கார்ந்தால்
தலைக்கு மேல் மின்விசிறி, தாள் பறக்கும்.
ஐந்தாம் மேசையில் வெளிச்சம் போதாது.
பிராந்திய வரலாற்றுக்கான ஆய்வு நல்கை
கிடைத்த அன்று
இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை.
வாழ்த்தினார்கள்.

என் தலைப்பு உப்பு.
பசலி ஆயிரத்து இருநூற்று எண்பத்தொன்றில்
நெய்தவாக்கம் அளத்தில்
எட்டு மாதக் குடிவாரம் கைக்கு வராத
நாற்பத்திரண்டு பேர்
கலெக்டருக்குப் போட்ட மனு.

மனு இருந்தது என்பதற்கு
ஆதாரம் ஏராளம்.
தாசில்தார் எழுதினார்: மனு வந்தது.
சிரஸ்தார் எழுதினார்: மனுவைக் கண்டேன்.
கலெக்டர், போர்டுக்கு: மனு இத்துடன்.
போர்டு, கலெக்டருக்கு: தலையிட முகாந்திரமில்லை,
மனு இத்துடன் திருப்பப்படுகிறது.
இந்த இத்துடன்களின் பின்னால்
ஐந்து மாதமாக அலைகிறேன்.
ஒவ்வொன்றின் மூலையிலும்
துருவேறிய இரண்டு குண்டூசித் துளை.
அந்த ஊசியில் கோத்திருந்ததுதான் இல்லை.

கட்டு எடுத்து வரும் மங்களேஸ்வரனுக்கு
என் மேல் கொஞ்சம் இரக்கம்.
'நம்பர் மாறியிருக்கும் மேடம்,
அடுத்த வருசத்துல பாருங்க.'
பார்த்தேன். அடுத்த வருடம் முழுக்கப் புயல்.
அதற்கடுத்த கட்டில்
அட்டை முதல் அட்டை வரை
ஒரு பூச்சி நேர்கோடாகப் போயிருந்தது.

மழை நாளில் கட்டு தருவதில்லை, ஈரம்.
ஐப்பசி முழுக்க அட்டவணைதான்.
அதில் என் ஊர்
ஒரு பக்கத்தில் நைட்டபாக்,
இன்னொரு பக்கத்தில் நேதிவாக்,
ஓரிடத்தில் வெறுமனே 'மேற்படி'.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை
வேறெதற்கோ கேட்ட கட்டிலிருந்து
ஓர் அரைத்தாள் மடியில் விழுந்தது.
மனு அல்ல.
மனு எழுதியவன் போட்ட வழக்கு.
எழுதினவன் துரைக்கண்ணு.
முத்திரைத்தாள் போகக் கூலி நாலணா பாக்கி.
தர வேண்டியவள்
அளத்து வேம்புலி பெண்சாதி காத்தாயி.
அவள் வாக்குமூலம் இவ்வளவுதான்:

நான் சொன்னதை அவர் எழுதவில்லை.
படித்துக் காட்டச் சொன்னேன், காட்டவில்லை.
ஆகையால் தரவில்லை.

கீழே ஒரு கீறல்.
பக்கத்தில் வேறொரு கை, 'இது காத்தாயி கைநாட்டு.'

ஸ்டேஷனில் ஏதோ ரயில் தாமதமென்று
மூன்று மொழியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.
ஐந்து மாதம் நான் தேடியது
துரைக்கண்ணுவை.
அந்தத் தாள் கிடைத்திருந்தால்
அதைக் காத்தாயி என்றே நம்பி
அத்தியாயம் எழுதி முடித்திருப்பேன்,
அடிக்குறிப்போடு.

பென்சிலில் நகலெடுத்தேன்.
கீறலையும் வரையப் பார்த்தேன், வரவில்லை.

இதற்கிடையில் எனக்கும் நல்கை வந்து
நான்கு மாதம் ஆகிறது.
ஒப்பிடக் கூடாது, தெரியும்.
எனக்குப் புரசைவாக்கம் விடுதியில்
கட்டில் உண்டு, மூன்று வேளைச் சோறு உண்டு,
வாடகையை ஐந்தாம் தேதி கேட்கும்
செல்வராணி வார்டன் பதினைந்துவரை பொறுக்கிறார்.

நல்கை தரும் அலுவலகம், இரண்டாம் மாடி.
நான் எழுதிப் போனது ஒரு பக்கம்:
வேலை செய்தேன், பணம் தாருங்கள்.
பிரிவு எழுத்தர் படித்துவிட்டுச் சிரித்தார்.
'இப்படி எழுதினா ஃபைல் நகராது மேடம்'
என்று கணினியில் பழைய மனு ஒன்றைத் திறந்து
யாருடைய பெயரையோ அழித்து
என் பெயரை அடித்தார்.
'குடும்ப வறுமையைக் கருதி' என்றிருந்தது.
'தாழ்மையுடன்' இரண்டு இடத்தில்.
'தங்கள் கருணையை என்றும் மறவேன்.'

நல்லவர்தான். முழுதும் படித்துக் காட்டினார்.
'சரிதானே?'

முந்தானையில் நாலணாவை முடிந்துகொண்டு
முன்சீப்பின் முன்னால் நின்றவளை
நினைக்காமல் இல்லை.

பேனா இருக்கிறதா என்று கேட்டேன்.
பென்சில்தான் இருந்தது என்னிடம்.
கொடுத்தார்.
போட்டேன்.
குண்டூசி குத்தி, மேலே எண் எழுதி
அவருக்கு மேலுள்ளவருக்கு
ஒரு வரி எழுதினார்:
மனு இத்துடன்.