வரி நான்கு, வரி ஐந்து

விசாரணை அறிக்கை வந்திருக்கிறது,
ஆலை முத்திரையோடு, இங்கிலீஷில்.
நான்காம் வரியில் யோகமலர் த/பெ வையாபுரி.
என் பேரை ஒட்டிக்கொண்டு ஒரு வினைச்சொல்:
பிளர்ட்டட் அவுட்.

முதலில் பெரட்டு என்றுதான் படித்தேன்.
விடியுமுன் பேர் கூப்பிடுவார்களே, அந்தப் பெரட்டு.
அம்மா நின்ற வரிசையில்
இப்போது வங்காளதேசப் பையன்கள் நிற்கிறார்கள்.
கூப்பிட்டால் மட்டும் வாய் திறக்கிற இடம்.
எழுத்துக் கூட்டிப் பார்த்தால்
இது நேர்மாறு:
கூப்பிடாமல் திறந்த வாய்.

பகாவ் பஸ் நிலையத்துக்கு எதிர்ப்புறக் கடையில்
நின்றபடியே அகராதி புரட்டினேன்.
(வாங்கவில்லை. அறுபத்தைந்து வெள்ளி.)
யோசிக்காமல் சட்டென்று சொல்லிவிடுதல், என்றது.

தமிழில் தேடினேன்.
உளறினாள் என்றால் சொன்னது பொய்யாகிறது.
போட்டு உடைத்தாள் என்றால்
சட்டியோடு வந்தவள் ஆகிறேன்.
வாய் தவறி என்றால் பழி வாய்க்குப் போகிறது,
பாவம், அது சம்பளம் இல்லாமல் உழைப்பது.
அந்த இங்கிலீஷ் சொல்லுக்கு வாலாக ஒரு அவுட்.
வெளியே மட்டும்தான்.
உள்ளே என்று அதற்கு ஒரு ஜோடி கிடையாது.

சரி, நடந்தது இது.
செம்பனைக் குலை ஏற்றிய லாரி
எடைமேடையில் நின்றது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிறுதோட்டக்காரர் சடையப்பன்,
இந்தப் பக்கம் மேனேஜர், நான், குணாளன்.
நான் சொன்னேன்:
"இந்தத் தராசு லாரிக்கு நாற்பது கிலோ முழுங்குது சார்."

யோசிக்காமலா?
மூன்று வருஷம் யோசித்தேன்.
ரசீதுக் கட்டின் பின்பக்கம் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன்.
குளிக்கும்போது மலாயில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை
சொல்லிப் பழகினேன்.
எந்தச் சட்டை போடுவது என்றுகூட
முதல் நாளே முடிவு செய்தாயிற்று.
இத்தனை ஒத்திகைக்கு
அந்தச் சொல் எடை பற்றாது.

சண்டைக்குத் தயாராகத்தான்
ஐந்தாம் வரிக்கு இறங்கினேன்.
'குணாளனுக்கும் தெரியும் என்று கூறினார்.'
கூறினார்.
மேடையில் ஏறித் தண்ணீர் குடித்துவிட்டுப் பேசியதுபோல.

அது என் ஒத்திகையில் இல்லை.
வேறு யாருக்குத் தெரியும் என்று
மேனேஜர் கேட்கக்கூட இல்லை.
சும்மா பார்த்தார்.
தனியாக நிற்கப் பயந்து,
பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும் என்று
அவன் பேரை இழுத்துப் போட்டேன்.
கோப்பி கலக்கிக்கொண்டிருந்தவன்
கரண்டியை நிறுத்தினான்.
நிமிரவில்லை.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம்.
அவனுக்கு இந்த மாசத்தோடு வேலை இல்லை.
நீலக் குவளையை இன்னும் எடுத்துப் போகவில்லை,
அடியில் சீனி காய்ந்து எறும்பு.

ஆட்சேபம் இருந்தால்
ஏழு நாளில் எழுதித் தரலாமாம்.
ஆறாம் நாள் எழுதினேன்:

வரி நான்கு, வரி ஐந்து.
வினைச்சொற்களை
இடம் மாற்றவும்.