தள்ளுபடி

ஜனவரியில் அறைக்கு நாற்பது சதவீதம் தள்ளுபடி.
மேகம் பார்த்த பால்கனி என்று போட்டிருந்தார்கள்.
பொய்யில்லை.
கதவைத் திறந்தால் மேகம்தான்,
கைப்பிடிக் கம்பியைக்கூடத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இரவு ஷிப்ட் முடிந்த கையோடு கிளம்பினோம்.
இரண்டு பைக், நான்கு பேர்:
லுவா, ஞுங், தியெப், நான்.
வின் யென் தாண்டும்வரை வெயில் இருந்தது.
தாம் டாவ் மலைப்பாதை பதின்மூன்று கிலோமீட்டர்,
ஏழாவதிலோ எட்டாவதிலோ
முன்னால் போன தியெப்பின் சிவப்பு விளக்கு
தண்ணீரில் போட்ட மாத்திரையாய்க் கரைந்துபோனது.
ஹாரன் அடித்தேன்.
எங்கிருந்தோ பதில் ஹாரன்.
கூப்பிட்டுக் கூப்பிட்டே மேலேறினோம்.
ஒவ்வொரு வளைவிலும் லுவா
பின்னாலிருந்து என் இடுப்பை இறுக்கிப் பிடித்தாள்.

எங்கள் வேலை உங்களுக்குத் தெரிந்திருக்காது.
கைப்பேசியில் கேமரா இருக்கிறதே,
அதன் வில்லையில் தூசி இருக்கிறதா என்று பார்ப்பது.
பன்னிரண்டு மணி நேரம், உருப்பெருக்கியின் கீழே,
ஒரு தட்டுக்கு அறுபத்து நான்கு.
தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி,
ஒருத்திக்கு ஒருத்தி கண் மட்டும் தெரியும்.
தூக்கத்திலும் ஒரு புள்ளி வந்து நிற்கும்,
துடைத்தால் நகரும்.

இங்கே பார்க்க ஒன்றுமில்லை.
‘ஒன்றுமில்லாததைக் காசு கொடுத்துப் பார்க்கிறோம்’
என்று ஞுங் சிரித்தாள், சிரிப்பு மட்டும் கேட்டது.
கல் தேவாலயத்தின் முன் படம் எடுத்தோம்.
நாங்கள் நால்வர், பின்னால் வெள்ளை.
‘தேவாலயம் எங்கேடி?’ என்று
தியெப்பின் அம்மா கேட்டு அனுப்பினாள்.
நீச்சல் குளத்தில் தண்ணீர் இல்லை,
நடுக்குழியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி
யாருக்கோ காத்திருந்தது.
துவாலை காயவே இல்லை.
சௌசௌக் கொடியின் கொழுந்தைப்
பூண்டு தட்டிப்போட்டு வதக்கித் தந்தார்கள்,
மூன்று தட்டு தின்றோம்.
நான்காவது தட்டு சொன்னபோது
எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம்
படிக்கட்டில் உட்கார்ந்து சுட்ட சோளம்.
லுவா எனக்கு இரண்டு படி கீழே.
இருந்தாள் என்பதற்கு
கடிக்கும் சத்தம்தான் சாட்சி.
சொல்லிவிட்டேன்.
நவம்பரில் தள்ளுபடியான தட்டு என்னுடையது.
அதில் எழுதிய எண் உன்னுடையது.

கடிக்கும் சத்தம் நின்றது.
கீழே ஏதோ விடுதியில் கராவோக்கே,
பாட்டின் பாதிதான் எங்கள்வரை வந்தது.
தெத் பண்டிகை போனஸில் பாதியும்
அவளுக்கு அப்படித்தான் வரவில்லை.

‘தெரியும்’ என்றது பனி.
‘ஏழுக்குக் குறுக்கே கோடு போடுகிறவள்
நம் வரிசையில் நீ ஒருத்திதான்.’
‘எப்போது தெரியும்?’
‘நவம்பரில்.’

நவம்பர், டிசம்பர், மலையின் அத்தனை வளைவு.
மன்னித்தாயா என்று நான் கேட்கவில்லை.
அவளும் ஒன்றும் சொல்லவில்லை.
தின்று முடித்த சோளத்தண்டு
இருளில் எங்கோ விழுந்து, உருண்டு,
நெடுநேரம் உருண்டுகொண்டே போயிற்று.
‘குளிர்கிறது’ என்று எழுந்தாள்.

இறங்கும்போது அதே ஏழாவது கிலோமீட்டரில்
திடீரென்று எல்லாம் தெரிந்தது:
வயல், டவர், டயர் கடை,
பக்கக் கண்ணாடியில் அவள் முகம்.
தூங்குகிறாளா, கண்ணை மூடியிருக்கிறாளா?
கண்ணாடியைச் சற்றுத் திருப்பிவைத்தேன்.
அவள் கை இப்போது என் இடுப்பில் இல்லை,
சீட்டுக் கம்பியில்.
வின் யென் வந்ததும், பசிக்கிறது என்று
என் முதுகில் ஒரு குத்து விட்டாள்.
கொஞ்சம் பலமான குத்துதான்.

ஞாயிறு இரவு எட்டு மணி.
முதல் தட்டு.
நாற்பத்தோராவது வில்லையின் ஓரத்தில் மங்கல்.
ஊதினேன், துடைத்தேன், நகரவில்லை.
சீட்டில் என் எண்ணை எழுதினேன்.
என் எண்ணில் ஏழு கிடையாது.
இரண்டு இருக்கை தள்ளி
யாரோ இருமினார்கள்,
அடுத்த தட்டு வந்தது.