மார்கழி ஏர்கான் சர்வீஸ்

சமூக மன்றத்து இலவச வகுப்பில்
ஜெரால்டின் சுவா கேட்டாள்:
உங்கள் கடை ஒரு பெண் என்றால்
மின்தூக்கியில் எப்படி நிற்பாள்?

பூனைத் தீனி விற்பவர்
சிரித்தபடி நிற்பாள் என்றார்.
கேக் கடைக்காரி
ஆடிக்கொண்டே என்றாள்.
நான்,
ஈசூன் தொழிற்பேட்டை, மூன்றாம் மாடி,
ஒரு வேன், இரண்டு ஏணி,
வேனுக்கு இன்னும் பதினோரு தவணை,
யோசிக்காமல் சொல்லிவிட்டேன்:
பின்னால் ஓடி வருகிறவர்களுக்காகக்
கதவு திறக்கும் பொத்தானை
அழுத்திக்கொண்டு நிற்பாள்.
வெக்கையைப் பற்றிப் பேசமாட்டாள்.

அன்றிரவே அவளுக்கு விதிகள் எழுதினேன்.
ஆச்சரியக்குறி கிடையாது.
அன்பு வாடிக்கையாளரே என்று குழையமாட்டாள்.
சொன்ன மணிக்கு வருவாள்.
பிந்துவதானால்
பிந்துவதற்கு முன்பே சொல்லிவிடுவாள்.
கேஸ் குறையாத பெட்டிக்குக்
கேஸ் ஏற்றமாட்டாள்.
கடைசி விதியை எழுதும்போது
பேனா கொஞ்சம் நின்றது.
எங்கள் தொழிலில் பாதிச் சோறு அதில்தான்.

வேன் மேலிருந்த பனிக்கரடியைச் சுரண்டச் சொன்னேன்.
"கரடி என்னக்கா பாவம் பண்ணுச்சு?"
கேட்டவன் இருளப்பன்.
"அது சிரிக்குது. இவ சும்மா சிரிக்கமாட்டா."
ஒரு மத்தியானம் முழுக்கச் சுரண்டினான்.
வலப்பக்கக் கதவில்
ஒரு காது மட்டும் இன்னும் இருக்கிறது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்,
நான் அவள் இல்லை.
மூடும் பொத்தானை மூன்று தரம் குத்துகிறவள் நான்.
தெம்பனிஸ்காரர் ஒருவர்
ஐந்து வெள்ளி குறைக்கச் சொல்லி
இருபத்திரண்டு செய்தி அனுப்பினார்.
நான் தட்டியதை இங்கே எழுத முடியாது.
அழித்தேன்.
பிறகு அவள் எழுதினாள்:
விலை அதேதான். செவ்வாய் பத்து மணி காலியாக இருக்கிறது.
செவ்வாய்க்கிழமை
அந்த ஆள் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாராம்.

வேளைக்கொரு நாக்கு எனக்கு.
ஒரே நாக்கு உள்ளவளை
என் கைப்பேசியில் குடிவைத்திருந்தேன்.
வங்கிக்காரன் கூப்பிட்டாலும்,
மகன் தமிழில் தோற்று வந்தாலும்,
மழை பிடித்து
ஊரே ஏர்கானை அணைத்துவிட்ட டிசம்பரிலும்
அவள் குரல் ஒரு படி ஏறவில்லை,
இறங்கவும் இல்லை.
சில நாள் எனக்கே அவளைப் பிடிக்காது.

அந்த டிசம்பரில்தான்
செங்காங்கிலிருந்து ஹைருல் அழைத்தான்.
"காக், வெறும் தூசிதான்.
ஆனா வீட்டம்மாவே கேஸ் ஏத்தச் சொல்றாங்க.
நூற்றிருபது தருவாங்களாம்."
மேசையில் தவணைக் கடிதம்.
அவங்களே கேட்கிறாங்களே, என்றேன்.
ஏற்று, என்றேன்.
மறுமுனையில்
தண்ணீர் வாளியில் சொட்டும் சத்தம் மட்டும்.

பத்து நிமிடத்தில்
கடை எண்ணிலிருந்து ஒரு செய்தி போயிருந்தது,
நான் எழுதாதது:
கேஸ் போதுமானது. வடிகட்டியைக் கழுவினோம். முப்பது வெள்ளி.
ஆச்சரியக்குறி இல்லை.

கோபம் வந்தது.
முதலாளி யார் என்று கேட்க எழுந்தேன்,
உட்கார்ந்தேன்.
இத்தனை நாள் நான் தூக்கிச் சுமப்பதாய் நினைத்தவள்
எப்போதோ இறங்கிப் போய்
அந்த வேனில்
ஏணிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறாள்.

தொண்ணூறு வெள்ளி
தொண்ணூறு வெள்ளிதான், அதில் கவிதை இல்லை.
மாதக் கடைசியில் கணக்கு இடித்தது.
புதன்கிழமையே இருவருக்கும் அனுப்பினேன்:
சம்பளம் வெள்ளிக்கிழமை வராது. திங்கள் காலை வரும்.
அனுப்பிய பிறகுதான் கவனித்தேன்,
அது யாருடைய வாக்கியம் என்று.

ஹைருல் கட்டைவிரல் போட்டான்.
இருளப்பன்
ஒரு கரடி அனுப்பினான்.
சிரிக்கிற கரடி.