டோக்கன் 417

திஷ்தாஷாவின் கழுத்தில் தொங்கும் குஞ்சத்தை
இஸ்திரிப் பெட்டி தொடக் கூடாது.
முதல் வாரம் கற்றது இது.
குஞ்சத்தில் அத்தர் தோய்த்திருப்பார்கள்,
சூடு பட்டால் மணம் கருகும்,
ஆள் வேறு கடை பார்ப்பார்.
ஒன்றுக்கு இருநூறு பைசா.
தொப்பிக்குக் கஞ்சி போட்டால் முந்நூறு.

நான் படித்தது நிலவியல். முதுநிலை.
எழுபத்தொரு சதவீதம்.
பட்டத்தில் முத்திரை மேல் முத்திரை குத்த
பதினோராயிரம் ஆனது.
பத்தாக்காவில் என் தொழில்: சலவையாள்.
முத்திரை வாங்கிய காகிதம்
டிரங்குப் பெட்டியின் அடியில்,
நிஸ்வாவின் நாற்பத்தெட்டு பாகை வெயிலிலும்
சுருக்கமே இல்லாமல் கிடக்கிறது.

கடையின் பின்கதவைத் திறந்தால் மலை.
கருத்து, சிவந்து, ஒரு புல் இல்லாத மலை.
"அதுல என்ன இருக்கு, தினமும் முறைக்கிற?"
என்பான் மொஃபிஜுல்.
அது கடலுக்கு அடியில் கிடந்தது,
கடலடித் தரைக்கும் கீழே,
ஏறி வந்து இங்கே வெயில் காய்கிறது.
இந்தியில் எனக்கு வந்தது ஒரு சொல்தான்:
"சமுந்தர்."
அவன் சிரித்த சிரிப்பு!
தண்ணீர் லாரி வராத மூன்றாம் நாள் அது.

மூன்றாம் பருவத் தேர்வில்
இதே மலைக்குப் பதினைந்து மதிப்பெண்.
படம் வரைந்து பாகங்களைக் குறித்தேன்.
வந்த விமானத்தில்
சன்னல் இருக்கை கேட்கத் தோன்றவில்லை.

துணி டிரம்முக்குள் போகுமுன்
பைகளைத் துழாவுவது என் பொறுப்பு.
ஒரு பேனா போதும், மொத்தமும் நீலம்.
பேரீச்சங்கொட்டை, மருந்துக்கடைச் சீட்டு,
பாதி தின்ற மிட்டாய்.
மடிப்பில் தங்கிய மண்ணை உதறும்போதே தெரியும்,
இவர் வாதிக்குள் வண்டி ஓட்டியவர்,
இவர் தோப்புக்குப் போனவர்,
இது வெறும் சிமெண்டு.
யாரும் கேட்டதில்லை.

வியாழக்கிழமை, 417.
ஏகப்பட்ட பைகள் வைத்த காற்சட்டை இரண்டு.
முழங்கால் பையில் ஒரு கல்.
கரும்பச்சை. மெழுகு பூசியதுபோல் மினுக்கம்.
நகத்தால் கீறினேன், ஏறவில்லை.
சமையல் கத்தியால் கீறினேன், விழுந்தது வெள்ளைக் கோடு.
லென்ஸ் இல்லை,
சென்னையில் அறை வாடகை நின்ற மாதம்
இருநூறு ரூபாய்க்குப் போனது அது.

கிடைத்த பொருளைக் கவரில் போட்டு,
மேலே இன்னது என்று எழுதி,
டோக்கனோடு பின் அடிக்க வேண்டும்.
சாவி. சில்லறை. மோதிரம்.
ஆறு வருடம் தொடாத சொல்,
ஆங்கிலத்தில் பன்னிரண்டு எழுத்து,
கை நிற்காமல் எழுதிவிட்டது:
செர்பென்டினைட்.

சனிக்கிழமை அந்தப் பெண் வந்தாள்.
மூக்கில் தோல் உரிந்திருந்தது.
கவரைப் படித்தாள். திருப்பிப் பார்த்தாள்.
மறுபடி படித்தாள்.
"இதை எழுதியது யார்?"
சுபைர்க்கா பதறி எழுந்தார்.
"புதுப் பையன், மேடம். தப்பா எழுதிட்டான்."
நான் ஆவிக்குப் பின்னால் நின்றேன்.
மிதியிலிருந்து காலை எடுத்தால்
ஆவி அடங்கும், முகம் தெரியும்.
எடுக்கவில்லை.
"தப்பில்லை," என்றாள்.
எண்ணூறு பைசா. சில்லறை சரியாக.
கதவின் மணி அடித்து ஓய்ந்தது.

"இனிமே கல்லுன்னா கல்லுன்னு எழுது,"
என்றார் சுபைர்க்கா.
அடுத்தது 418,
கல்யாண வீட்டிலிருந்து பதினோரு திஷ்தாஷா.
குஞ்சங்களை ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே வந்தேன்.

இரவு அறையில்
தக்காளி நசுங்குகிறது என்று மொஃபிஜுல் திட்டினான்.
வியாழக்கிழமையிலிருந்தே கத்தி மழுங்கிப் போச்சாம்.
அந்தக் கல் எஃகைவிட மெது,
மழுங்க வழியே இல்லை,
படம் வரைந்துகூட விளக்குவேன்.
வெங்காயத்தை எடுத்து உரிக்க உட்கார்ந்தேன்.