நான்கு மாலுக்கு உட்பட்டது

கல்யாணப் பத்திரிகைக்குப் புரூஃப் வந்தது.
'சுங்கத்தார் இல்லத் திருமண விழா'
தங்க எழுத்தில், பக்கத்தில் ஒரு தராசு.
"தராசு எதுக்குண்ணா?"
"சுங்கம் வசூலிச்ச வம்சம், சும்மாவா"
என்றார் பெரியப்பா மகன் முனிரத்தினம்.

கிருஷ்ணகிரி டோல்கேட்டில்
ஏழாம் லேன், இரவுப் பணி எனக்கு.
அதையும் சேர்த்துச் சொல்வார்கள் வீட்டில்:
ரத்தத்துலயே இருக்கு.
ரத்தத்தில் இருப்பது
டீசல் புகை, ஸ்கேன் ஆகாத ஃபாஸ்டேக்,
"பேலன்ஸ் இருக்குங்கறேன், தூக்கும்மா கட்டைய" என்கிற
ஓசூர் லாரி.

பட்டா மாற்றப் போனபோது
தாய்ப்பத்திரம் கேட்டார்கள்.
எங்களுடையதில் 'சுங்க' என்று ஆரம்பித்து
கரையான் முடித்திருந்தது.

காவேரிப்பட்டணம் சார்பதிவகத்தில்
நகல் எழுதும் அமீனாபீ
மூன்று நாள் அலையவிட்டு
வேறொரு கட்டைக் கொண்டுவந்து போட்டார்.
பக்கத்து நிலத்துக்காரர் விற்ற கிரையம்.
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

'சுங்கந்தப்பி திம்மக்காள் புஞ்சைக்குக் கிழக்கு
வண்டிப்பாதைக்கு வடக்கு
ஊற்றுக்குழிக்கு மேற்கு
மேய்ச்சல் புறம்போக்குக்குத் தெற்கு
இந்த நான்கு மாலுக்கு உட்பட்டது.'

திரும்பப் படித்தேன்.
தப்பி.

நடுவில் யாரோ ஒரு பேரன் கூச்சப்பட்டு
மூன்றெழுத்தை உதிர்த்திருக்கிறான்.
வால் நறுக்கியதும்
கள்ளி அதிகாரியானாள்.
அதிகாரியானதும் ஆணாகவும் ஆகிவிட்டாள்.

என்ன சுமந்து போனாள்?
உப்பா, புகையிலையா,
துணி சுற்றிய பிள்ளையா.
ஒரு தடவைதான் தப்பினாளா,
பேர் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குப் பல தடவையா.
பத்திரம் சொல்லாது.
பத்திரத்துக்கு அவள்
ஒரு மேற்கு எல்லை, அவ்வளவுதான்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து
குன்று குன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.
பாதி குன்றுகளை அறுத்து
கிரானைட்டாக அனுப்பியாயிற்று.
அவள் ஒளிந்த பாறை
இந்நேரம் எந்த ஊர் வங்கியில்
தரையாகக் கிடக்கிறதோ.

"தராச எடுத்துடலாம்ணா"
என்றேன் போனில்.
"பிளேட் போட்டாச்சும்மா. ஏன், என்ன?"
ஒன்றுமில்லை என்றேன்.
அறுநூறு பத்திரிகை.

நேற்று ராத்திரி இரண்டே முக்காலுக்கு
மாங்காய் ஏற்றிய மினிலாரி ஒன்று
பூத்துக்கு இருநூறடி முன்னால் விளக்கை அணைத்து
மண்பாதையில் இறங்கியது.
கேமராவில் தெரிந்தது.
டிஎன் இருபத்துநாலு வரைக்கும் படிக்க முடிந்தது,
மீதியில் செம்மண்.

விதிப்படி உடனே சொல்ல வேண்டும்.
ரிசீவரை எடுத்தேன்.
"சொல்லுங்க ஏழாம் லேன்"
என்றது கண்ட்ரோல் ரூம், தூக்கக் குரலில்.

கண்ணாடிக்கு வெளியே
மாங்காய்ப் பால் வாசனை இன்னும் இருந்தது.

"சில்லறை வேணும் சார்" என்றேன்.