உள்ளேன் ஐயா

எலஹங்காவில் மழை. மின்சாரம் இரண்டு முறை போய் வந்தது.
எலி எண் நாற்பத்தொன்று யூரித்தேனில் கிடக்கிறது.
எழுவதற்கான மயக்கமில்லை அது.
சி வரிசையின் இரண்டாம் மீசையை
ஒரு மயிரிழை தூரம் தட்டுகிறேன்.
ஒலிபெருக்கியில் கடுகு வெடிக்கிறது.

தட்டு, வெடி. தட்டு, வெடி.
நூறு தட்டுக்குத் தொண்ணூற்றேழு பதில்.
நடுவே, வினாடிக்கு ஒருமுறை,
பெரிய அலையொன்று ஏறி இறங்குகிறது
ஆளில்லாத ஊஞ்சல்போல.

போன மாதம் ஐசோஃப்ளூரேன்.
திருகை ஒன்றில் வைத்தால் பதில் வரும்.
இரண்டில் வைத்தால்
நெடுநேரம் வெறும் கோடு,
திடீரென்று ஒரு கூச்சல்,
மறுபடி கோடு.
கெட்டமைனுக்கு வேறு சுபாவம்:
அரைமணிக்கொரு ஊசி கேட்கும்,
அலையின் முதுகில் சிறுசிறு நடுக்கம் ஏற்றும்.
மீசை அதே மீசை.

கட்டுரையில் இதற்கெல்லாம் ஒரே வரி எழுதியிருந்தேன்:
விலங்குகள் மயக்கத்தில் வைக்கப்பட்டன.
மதிப்பீட்டாளர் கேட்டார், எதில்? எவ்வளவு ஆழத்தில்?
அதற்குக் கீழே, தனியாக:
விழித்திருந்தால்?

மூன்று வாரம் பழக்கினோம், நானும் தப்சீராவும்.
சட்டத்தில் தலை, நாக்கில் ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீர்.
எண் முப்பத்தெட்டு. தட்டினேன்.
ஒன்றிரண்டு கடுகு. பல தட்டுக்கு அதுவுமில்லை.
"எலக்ட்ரோடு போச்சு" என்றேன்.
அப்போதுதான் கூண்டு கழுவும் ரத்னம்மா
வராந்தாவில் வாளியை வைத்தார்.
எலி தன் மீசைகளைத் தானே வீசியது.
ஒலிபெருக்கி பொரிந்து தள்ளியது.
தப்சீரா என்னைப் பார்க்கவில்லை,
திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு வேறு வேலை இருந்திருக்கிறது.

மல்லேஸ்வரத்தில் எனக்குக் குடல்வால் எடுத்தபோது
மயக்கம் தெளியும் வேளையில்
செவிலி பெயர் கேட்டாராம்.
தயங்காமல், கணீரென்று,
இருபத்தேழு, உள்ளேன் ஐயா
என்றேனாம்.
அன்று முழுக்க வார்டில் அதுவே சிரிப்பு.
ஏழாம் வகுப்பு எண் அது. எனக்கு நினைவில்லை.
யார் சொன்னார்கள் என்று
இப்போதும் யோசிப்பதுண்டு.

மணி இரண்டே கால்.
நாற்பத்தொன்றின் பதில்கள் அழகாக இருக்கின்றன.
இவ்வளவு அழகாக இருக்கக்கூடாது.
ஏட்டில் குறிக்கிறேன்: மருந்து, அளவு,
உடல் வெப்பம் முப்பத்தேழு, கால் கிள்ளினால் அசைவில்லை.
மழை என்றும் எழுதுகிறேன்.
அதற்குக் கட்டம் கிடையாது.
ஓரத்தில்.